படத்துக்கு அடியில் ஒரு வரி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பருவநிலை மாற்றம் பற்றிய செய்திகளோடு நம் நாளிதழில் இப்போதெல்லாம் வரைபடங்களும் வருகின்றன, நல்ல விஷயம்தான். ஆனால் பாதிப் படங்களில் வெப்பம் எதைவிட அதிகம், எந்தக் காலத்தோடு ஒப்பிட்டார்கள் என்ற தகவலே இருப்பதில்லை. அது இல்லாமல் படம் போட்டு என்ன பயன்?

2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் என்ற பருவநிலைக் கண்காணிப்பு அமைப்பின் கணக்குப்படி அந்த ஆண்டின் உலக சராசரி வெப்பநிலை 15.10 டிகிரி செல்சியஸ். 1850-1900 காலத்துச் சராசரியோடு ஒப்பிட்டால் 1.60 டிகிரி அதிகம், 1991-2020 சராசரியோடு ஒப்பிட்டால் 0.72 டிகிரிதான் அதிகம். இரண்டுமே சரி. ஆனால் ஒரு நாள் 1.60 என்றும் இன்னொரு நாள் 0.72 என்றும் விளக்கம் இல்லாமல் போட்டால், படிக்கிறவர் ‘இவர்களுக்கே தெரியவில்லை போலிருக்கிறது’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அப்புறம் அளவுகோல். 2015-ல் ஓர் அமெரிக்க இதழ் சமூக வலைத்தளத்தில் ஒரு வரைபடத்தைப் பகிர்ந்தது. செங்குத்து அச்சை மைனஸ் 10-லிருந்து 110 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இழுத்திருந்தார்கள், நூறாண்டுக்கும் மேற்பட்ட வெப்ப உயர்வு அதில் தட்டையாகப் படுத்துக் கிடந்தது. எண்களில் பொய்யில்லை, ஆனால் பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில்கூட உலக சராசரி, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிடச் சுமார் 5 முதல் 7 டிகிரி செல்சியஸ்தான் குறைவு. அதற்கே கனடா கிட்டத்தட்ட முழுவதும் பனிப்பாளத்துக்கு அடியில் இருந்தது. அப்படியிருக்க, ஒரு டிகிரியைக் கண்ணில் படாமல் செய்கிற அச்சு எதற்கு?

வண்ணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகப் பருவநிலை விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் 2018-ல் வெளியிட்ட வெப்பப் பட்டைகளில் எண்ணே கிடையாது, ஆண்டுக்கு ஒரு பட்டை, குளிர்ந்த ஆண்டு நீலம், சூடான ஆண்டு சிவப்பு, அவ்வளவுதான். குழந்தைக்கும் புரியும். நீங்களும் அதைப் போட்டீர்கள், ஆனால் கறுப்பு-வெள்ளைப் பக்கத்தில்! அடர் நீலமும் அடர் சிவப்பும் ஒரே சாம்பல் நிறமாகி, மிகக் குளிர்ந்த ஆண்டும் மிகச் சூடான ஆண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நின்றன. வண்ணம் இல்லாத பக்கம் என்றால் சாதாரணக் கோட்டு வரைபடமே போதும். வண்ணப் பக்கத்திலும் சிவப்பையும் பச்சையையும் எதிரெதிரே வைக்காதீர்கள், அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாகவே இருக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு படத்துக்கும் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி: எந்தக் காலத்துச் சராசரியோடு ஒப்பீடு, தரவு யாருடையது. இடம் இல்லை என்பீர்களானால், வரைபடத்துக்குப் பின்னால் தீப்பிடித்து எரிகிற பூமி உருண்டை ஒன்றைத் தவறாமல் போடுகிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள், தாராளமாக இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்