மறுநாள் மீன் குழம்பு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தொடர் நாவல்களில் இரண்டாம் பாகம் என்பது பழைய குழம்பைச் சுடவைத்துப் பரிமாறும் வேலை என்று போன இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். எங்கள் காசிமேட்டுப் பக்கம் வந்து கேட்டுப் பார்க்கட்டும். மீன் குழம்பு மறுநாள்தான் ருசி.

அவர் குறை சொன்னது சூசன் காலின்ஸ் எழுதிய 'ஹங்கர் கேம்ஸ்' வரிசையை. முதல் நாவல் 2008இல் வந்தது, இரண்டாவதான 'கேட்சிங் ஃபயர்' 2009இல். பிளஸ் ஒன் முடித்த என் மகள் இரண்டையும் தோழியிடம் இரவல் வாங்கி வந்திருந்தாள். ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில், வீட்டுக்காரரும் பகலெல்லாம் வீட்டில். நானும் ஒன்றை எடுத்துப் புரட்டினேன். என் இங்கிலீஷ் சுமார்தான். புரியாத இடத்தில் "பாப்பா, இது இன்னாது?" என்று கேட்பேன். மூன்றாம் நாளிலிருந்து கேட்பதை நிறுத்திவிட்டேன். கேட்டால் அடுத்து நடக்கப்போவதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறாள்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: பானெம் என்றொரு நாடு. கேபிட்டல் என்ற பகட்டு நகரம், அதற்காக உழைத்துக் கொட்டும் 12 மாவட்டங்கள். ஆண்டுதோறும் மாவட்டத்துக்கு ஒரு பையன், ஒரு பெண் என்று சீட்டெடுத்து, 12 முதல் 18 வயது வரையுள்ள 24 பிள்ளைகளைத் திடலில் இறக்கி, ஒருவர் மிஞ்சும்வரை சாகவிட்டு டிவியில் காட்டுவார்கள். பன்னிரண்டாம் மாவட்டத்திலிருந்து போன காட்னிஸ் என்ற பெண், பீட்டா என்ற பையன் இருவருமே உயிரோடு திரும்புவதோடு முதல் பாகம் முடிகிறது.

அது முழுக்கப் பிள்ளைகளின் கதை. இரண்டாம் பாகத்தில்தான் பெரியவர்கள் உள்ளே வருகிறார்கள். முதலில் வருபவர் பதினொன்றாம் மாவட்டத்துக் கிழவர் ஒருவர். முதல் பாகத்துப் போட்டியில் செத்துப்போன சிறுமி ரூ பாடிய மெட்டைச் சீட்டியடிக்கிறார், கூட்டம் மொத்தமும் மூன்று விரலைத் தூக்குகிறது, அவரை அங்கேயே சுட்டுவிடுகிறார்கள். 2014இல் தாய்லாந்தில் ராணுவ ஆட்சியை எதிர்த்தவர்கள் இதே மூன்று விரலைத் தூக்கிக் கைதானார்கள் என்பதை மகள்தான் சொன்னாள்.

பிறகு 75ஆவது போட்டி. முன்பு வென்று உயிரோடு இருப்பவர்களிலிருந்தே இந்த முறை ஆள் எடுப்போம் என்கிறார் அதிபர். வயது வரம்பு கிடையாது. நாலாம் மாவட்டம் மீன்பிடி மாவட்டம். அங்கே சீட்டில் விழுந்த பெண் மனம் கலங்கியவள். அவளுக்குப் பதிலாக நான் போகிறேன் என்று முன்வருபவர் மேக்ஸ், எண்பது வயதுக் கிழவி. பேச்சு குழறும். கையில் எதைக் கொடுத்தாலும் தூண்டில் முள் செய்துவிடுவார்.

எங்க ஆயா கடைசி இரண்டு வருஷம் இப்படித்தான் இருந்தார். வாதம் வந்து வாய் கோணிவிட்டது, பேசுவது பாதி புரியாது. ஆனால் கிழிந்த வலையை மடியில் போட்டுவிட்டால் போதும். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொள்வார், ஊசி தன்னால் ஓடும். ஒரு கண்ணி பெரிது, ஒரு கண்ணி சிறிது என்று இருக்காது.

விஷப் பனி துரத்தும் இடத்தில், அதே நாலாம் மாவட்டத்து இளைஞன் ஃபின்னிக் மேக்ஸை முதுகில் சுமந்துகொண்டு ஓடுகிறான். பீட்டாவால் நடக்க முடியவில்லை. கிழவியைக் காட்னிஸ் சுமந்து பார்க்கிறாள், விழுந்துவிடுகிறாள். இருவரையும் தூக்க ஃபின்னிக்கால் ஆகாது. மேக்ஸ் அவனுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு நேராகப் பனிக்குள் நடந்துவிடுகிறார். எழுத்தாளர் அங்கே நின்று ஒப்பாரி வைக்கவில்லை. நான்தான் புத்தகத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றேன்.

மறுபடியும் அதே போட்டிதானே என்கிறார் வாசகர். போட்டி அதேதான், திடலுக்குள்ளே நிற்பவர்கள் வேறு. முதல் தடவை முன்பின் தெரியாத பிள்ளைகள். இவர்களோ வருஷக்கணக்காக ஒருவரையொருவர் அறிந்தவர்கள். போட்டிக்கு முந்தின இரவு மேடையில் 24 பேரும் கைகோத்து நிற்கிறார்கள். அந்தத் திடலே ஒரு கடிகாரம், மணிக்கொரு ஆபத்து என்பதைக் கண்டுபிடிப்பவரும், 'டிக் டாக்' என்று பிதற்றுவதாக எல்லாரும் ஒதுக்கிய வயரெஸ் என்ற பழைய வெற்றியாளர்தான்.

இன்னொரு இடம். கேபிட்டல் விருந்தில் வயிறு நிரம்பியவர்கள் வாந்தியெடுக்க ஒரு பானம் குடித்துவிட்டு மறுபடி சாப்பிட உட்காருவார்கள். வஞ்சிரமும் பெரிய இறாலும் ஐஸ் பெட்டியில் ஏறிப் போனபின் காரப்பொடி மீனை வாங்கிவந்து குழம்பு வைக்கும் எங்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

குறையே இல்லையா? உண்டு. பாதிப் புத்தகம் தாண்டித்தான் திடலுக்கே போகிறார்கள். பீட்டாவா, கேல் என்ற ஊர்த் தோழனா என்று காட்னிஸ் தவிப்பது எனக்குச் சலித்துவிட்டது (மகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை, இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தாள்). முடிவும் அந்தரத்தில் நிற்கிறது, மூன்றாம் பாகத்தை வாங்கு என்பது போல.

மார்ச் 2025இல் வந்த முன்கதையான 'சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங்'கில் மேக்ஸ் இன்னும் திடமான உடம்போடு வருகிறாராம். அதற்கு ஓர் அறிமுகக் கட்டுரை யாரையாவது எழுதச் சொல்லுங்கள். முடிவை மட்டும் எழுத வேண்டாம், வீட்டில் சொல்வதற்கு ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காசிமேடு, சென்னை - 13