குருமனைக்குக் காவல் இருந்தவர்கள்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை நாடகம் நல்லபடியாக முடிந்தது. வீடு வீடாக வந்து நன்றி சொல்ல ஆசைதான், முடியவில்லை. அதனால் இந்தக் கடிதம்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இருக்கும் நம் பர்மிங்ஹாம் விமான நிலையத்தில் எத்தனை முறை இறங்கியிருப்போம்! 2008இல் அதற்கு ஃப்ரெட் ஷட்டில்ஸ்வொர்த்தின் பெயரைச் சூட்டினார்கள். "அவர் யாரும்மா?" என்று என் மகள் கேட்டபோது, "ஒரு பாஸ்டர்" என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரைப் பற்றி நாடகம் போட வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வந்தது.

முதல் நன்றி எங்கள் தெருப் பெரியவருக்கு. எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலேஜ்வில் பகுதிக்குத் தன் காரிலேயே கூட்டிப்போனார். ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் கடந்து முடிய வெகுநேரம் காத்திருந்தோம். அப்போதுதான் பெத்தேல் பாப்டிஸ்ட் சபையின் கதையைச் சொல்லத் தொடங்கினார். ஷட்டில்ஸ்வொர்த் அங்கே போதகராக வந்தது 1953இல். 1956இல் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தை அலபாமா அரசு தடை செய்தது. சில நாட்களிலேயே அவர் அதே உரிமைக்காகப் புது இயக்கம் ஒன்றைத் தொடங்கிவிட்டார்.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் இரவு, குருமனையில், அதாவது போதகருக்கான வீட்டில், கட்டிலில் படுத்தபடி சபைப் பொறுப்பாளரான டீக்கன் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். டைனமைட் வெடித்தது. சுவர் இடிந்தது, தரை பெயர்ந்தது. அவர் பெரிய காயமில்லாமல் எழுந்து வந்தார். மறுநாளே, ஏற்கெனவே அறிவித்தபடி, ஆட்களோடு பஸ் ஏறி வெள்ளையருக்கு ஒதுக்கிய இருக்கைகளில் உட்கார்ந்தார்கள்.

கட்டில் இல்லாமல் இந்தக் காட்சியைப் போட முடியாது. தன் வீட்டுக் கட்டிலையே கழற்றி வேனில் ஏற்றி வந்த அண்ணனுக்கு நன்றி. இரண்டு ராத்திரி உட்கார்ந்து அட்டைப்பெட்டிகளை ஒட்டிச் சுவர் எழுப்பிய அக்காவின் நகக்கண்ணில் பெயிண்ட் இன்னும் போகவில்லை. பழைய செய்தித்தாள்களைப் பொறுமையாகத் தேடிக் கொடுத்த நூலக ஊழியருக்கும் நன்றி.

1957 செப்டம்பர் 9 அன்று, வெள்ளையர் மட்டும் படித்த ஃபிலிப்ஸ் உயர்நிலைப் பள்ளியில் ஷட்டில்ஸ்வொர்த் தன் மகள்களைச் சேர்க்கப் போனார். ஒரு கும்பல் அவரைச் சங்கிலியால் அடித்தது. மனைவி ரூபிக்குக் கத்திக்குத்து. இதைப் பிள்ளைகளை வைத்து நடித்துக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வாசிக்க மட்டும் செய்தோம். அதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். வாசித்த அம்மாவின் குரல் பாதியில் உடைந்ததே, அதற்குமேல் எந்த நடிப்பும் வேண்டியிருக்கவில்லை.

பஸ்களில் இருந்த நிறப் பாகுபாட்டை எதிர்த்துப் பயணம் செய்து, 1961இல் அடிபட்டு வந்த 'சுதந்திரப் பயணிகளுக்கு' அவர் அடைக்கலம் கொடுத்ததையும், 1963 போராட்டத்தில் தீயணைப்புக் குழாயின் தண்ணீர் அவரைச் சுவரில் மோதித் தள்ளியதையும் பெரிய பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள்.

அப்புறம், ஒரு விஷயம். ஷட்டில்ஸ்வொர்த்தாக நடிக்க ஆறு பேர் போட்டி போட்டார்கள். காவல்காரராக நிற்க யாருமே வரவில்லை. முதல் குண்டுக்குப் பிறகு சபையார் தாங்களே முறைபோட்டுக் கோயிலுக்கும் குருமனைக்கும் இரவுக் காவல் இருந்தார்கள். 1958 ஜூன் 29 அன்று மறுபடியும் குண்டு வைத்தார்கள். காவலில் இருந்த வில் ஹால் அதைக் கையில் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் வைத்தார். அங்கேதான் அது வெடித்தது. கோயில் தப்பியது. போதகர் 89 வயது வரை வாழ்ந்து 2011இல் காலமானார். தேவன் காப்பாற்றினார் என்பது அவருடைய விசுவாசம். எனக்கோ அந்தக் காவல்காரர்கள் தூங்காமல் கழித்த இரவுகளும் சேர்ந்தே தெரிகின்றன.

கடைசியில் ஒரு சின்னப் பையன் கை தூக்கினான். இரண்டு வாரம் ஒத்திகைக்கு வந்தான். அவனுக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. சனிக்கிழமை, குண்டுக்குப் பதிலாக ஒரு பெயிண்ட் வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஓடாமல், ஒவ்வொரு அடியாக வைத்து மேடையின் மறுகோடிக்குப் போனான். அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. முன்வரிசையில் இருந்த எங்கள் தெருப் பெரியவர் எழுந்து நின்றார்.

தம்பி, உனக்கு என் நன்றி. அந்த வாளியை நீயே வைத்துக்கொள்.