தேதி முடிந்த கார் சீட்

அன்புள்ள மகளுக்கு,

பெரியவனைக் காரில் பெல்ட் போட்டு உட்காரவைத்த பழைய குழந்தை சீட்டையே சின்னவளுக்கும் போடலாமா, அதன் காலாவதித் தேதி முடிந்து சில மாதம்தானே ஆகிறது என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் மாப்பிள்ளையும் நானும் வாக்குவாதத்தில் இறங்கிவிடுவோம் என்றுதான் எழுதுகிறேன். புதுசு வாங்கிவிடு.

இந்தத் தேதியெல்லாம் கம்பெனியின் வியாபாரத் தந்திரம் என்று மாப்பிள்ளை சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தத் தேதியை முடிவு செய்வது சீட்டைச் செய்கிற கம்பெனிதான். அடுத்த சீட் விற்றால் லாபமும் அதற்குத்தான். ஒரு கம்பெனி 6 வருடம் என்கிறது, இன்னொன்று 10 என்கிறது. நேற்று ராத்திரி வரை நன்றாக இருந்த சீட், விடிந்ததும் பால் திரிந்த மாதிரி கெட்டுப்போய்விடாது. சரி, இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உன் அப்பன் பிளாஸ்டிக் வார்ப்பிலேயே காலம் தள்ளியவன். சீட்டின் பிளாஸ்டிக் கூடு எப்படி வயதாகும் என்பது எனக்குத் தெரியும். வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டும், ராத்திரி ஆறிவிடும். தினமும் விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். இன்னொரு பக்கம் வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர், பிளாஸ்டிக்கின் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்க நாங்கள் கலக்கிற மருந்தும் நாளாக ஆகத் தீர்ந்துபோகும். அதற்கப்புறமும் கையால் அழுத்திப் பார்த்தால் கல் மாதிரிதான் இருக்கும். மெதுவாக ஏற்றுகிற பாரத்தையும் தாங்கும். படீரென்று ஒரு அடி விழும்போதுதான் வித்தியாசம் தெரியும்: புது பிளாஸ்டிக் வளைந்துகொடுக்கும், பழையது தெறிக்கும்.

அந்த அடி எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதிலாவது மோதி நின்றால், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்த நேரத்தில் 10 கிலோ குழந்தை சுமார் 200 கிலோ பாரமாகப் பெல்ட்டை இழுக்கும். பெல்ட் கூட்டை இழுக்கும், கூடு காரை இழுக்கும். நடுவில் எந்தக் கண்ணியும் விடக்கூடாது. தேதி முடிகிறவரை விடாது என்று சொல்லத்தான் கம்பெனி இருக்கிறது. அதற்கப்புறம் சொல்ல ஆளில்லை. நீயும் நானும் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற விஷயமும் இல்லை.

‘பாதிக் காலம் பரணில்தானே கிடந்தது’ என்பார் மாப்பிள்ளை. பரணிலும் சூடு உண்டு. தேதியைக் கணக்கிடுவதும் பெரும்பாலும் செய்த நாளிலிருந்துதான், வாங்கிய நாளிலிருந்து இல்லை. சீட்டைக் கவிழ்த்துப் பார். கூட்டில் ஒரு சின்ன வட்டமும், சுற்றி 1 முதல் 12 வரை எண்ணும், நடுவில் அம்புக்குறியும் இருக்கலாம். அம்பு காட்டுவது மாதம், அதன் இருபுறமும் இருப்பது வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம். அது அந்தப் பாகத்தை வார்த்த நேரம். எங்கள் தொழிலில் பல அச்சுகளில் இதை வைப்போம். ஆனால் காலாவதிக் கணக்குக்கு லேபிளில் உள்ள தேதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிளாஸ்டிக்கை விட்டாலும் மற்றவை இருக்கின்றன. துணிக்கு அடியிலுள்ள தெர்மாகோல் பிளந்திருக்கலாம், பக்கிளுக்குள் சிந்தின ஜூஸ் காய்ந்து பிசுபிசுத்திருக்கலாம். பெல்ட்டைச் சோப்புப் போட்டு ஊறவைத்திருந்தால் இழை பலம் குறைந்திருக்கும். ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வது அதனால்தான். விதிகளும் மாறிவிட்டன. பழைய ஐ.நா. விதியான ஆர்44 எடையை வைத்துச் சீட்டைப் பிரித்தது, பக்கவாட்டு மோதலுக்குச் சோதனை கேட்கவில்லை. 2013-இல் நடைமுறைக்கு வந்த ஆர்129 உயரத்தை வைத்துப் பிரிக்கிறது, பக்கவாட்டுச் சோதனையும் உண்டு, 15 மாதம் தாண்டும்வரை குழந்தை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்கிறது. பெரியவனுடையது பழைய விதிப்படி செய்தது. மாற்றுவதற்கு எனக்கு இது ஒன்றே போதும்.

விலை உயர்ந்ததாகத் தேடி அலையாதே. விதிப்படி சான்று பெற்ற மலிவான சீட்டும் அந்தச் சோதனையில் தேறித்தான் கடைக்கு வருகிறது. கூடுதல் பணம் பெரும்பாலும் துணிக்கும் வசதிக்கும் போகிறது. உங்கள் காரில் சரியாகப் பொருந்துகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பெல்ட் நுழைகிற இடத்தில் பிடித்து ஆட்டினால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையக்கூடாது. தோள் பெல்ட்டை விரலால் கிள்ளினால் மடிப்பு விழக்கூடாது. பின்பக்கம் பார்க்கும் சீட்டை ஏர்பேக் வேலை செய்கிற முன்சீட்டில் வைக்கவே கூடாது. யாரோ கொடுக்கிறார்கள் என்று பழைய சீட்டை வாங்கி வந்துவிடாதே. தேதி பாக்கி இருந்தாலும், அது ஏதாவது விபத்தில் அடிபட்டதா என்று நமக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. புதுசு வரும்வரை வெளியே போக வேண்டியிருந்தால் பழைய சீட்டிலேயே உட்காரவை. தேதி முடிந்ததே என்று பயந்து மடியில் வைத்துக்கொள்ளாதே. அந்த 200 கிலோவை எந்தக் கையும் பிடித்து நிறுத்தாது. அப்பாவே பழையதைப் போடச் சொன்னார் என்று மாப்பிள்ளை இதைப் பிடித்துக்கொள்வார்; ஒன்றிரண்டு பயணத்துக்குத்தான் சொன்னேன் என்று சொல்லிவிடு.

புதுசு வந்ததும் பழையதன் பெல்ட்டை எல்லாம் கத்திரியால் வெட்டிவிடு, துணியை உரித்துவிடு, கூட்டின் மேல் ‘காலாவதி’ என்று மார்க்கரால் பெரிதாக எழுது. முழுசாக வெளியே வைத்தால் யாராவது நல்ல சீட் என்று நினைத்து எடுத்துப் போய்த் தங்கள் பிள்ளையை உட்காரவைப்பார்கள். பெரியவனை உயர்த்தி உட்காரவைக்கிற பூஸ்டர் சீட்டுக்கும் தேதி உண்டு, அதையும் கவிழ்த்துப் பார்த்துவிடு.

காரில் வைத்துப் பார்த்துவிட்டு எந்த மாடல் என்று சொல். பணம் அம்மா அனுப்புவாள். பேத்திக்குச் சீர் என்று சொன்னால் மாப்பிள்ளையால் மறுக்க முடியாது.

அன்புடன்,
அப்பா