கப்பல் பெயருக்கு முன்னால் நிற்பது இனிஷியல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் ஏழாம் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி. 'ஐ.என்.எஸ். பருந்து கப்பலில் இருந்து புறப்பட்ட ஹெலிகாப்டர்' என்று அதில் ஒரு வரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தேன். அப்படியேதான் இருந்தது. ஐ.என்.எஸ். என்றால் 'இந்தியக் கடற்படைக் கப்பல்'தான், ஆனால் ஐ.என்.எஸ். பருந்து கப்பலே அல்ல. ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் இருக்கும் கடற்படை விமானத் தளம் அது. ஓடுபாதை உண்டு, நங்கூரம் கிடையாது.

நான் வணிகக் கப்பல்களில் ரேடியோ அதிகாரியாக இருந்தவன். கப்பலில் எங்களை 'மார்க்கோனி சாப்' என்று கூப்பிடுவார்கள். 1999 பிப்ரவரி 1ஆம் தேதி கடல் அபாயத் தகவல் முறை முழுவதும் செயற்கைக்கோளுக்கும் தானியங்கிக் கருவிகளுக்கும் மாறியபோது தந்திக் குறி தட்டும் மோர்ஸ் சாவிக்கு வேலை போனது, கூடவே எனக்கும். அதற்குப் பிறகு செய்தித்தாளில் கப்பல் என்ற சொல் கண்ணில் பட்டால் பேனாவை எடுத்துவிடும் பழக்கம் மட்டும் மிச்சம்.

முதல் கப்பலில் சேர்ந்தபோது, கடிதம் போடும் விலாசத்தை அம்மாவுக்கு எழுதி அனுப்பினேன். கப்பல் பெயருக்கு முன்னால் எம்.வி. என்று இருந்தது. விடுமுறையில் வந்ததும் முதல் கேள்வி அதுதான். "உன் கப்பலுக்கு எம்.வி.ன்னு இனிஷியல் போட்டிருக்கே, எம் யாரு, வி யாரு?" மோட்டார் வெசல், அதாவது மோட்டாரில் ஓடும் கப்பல் என்றேன். "கிணத்து மோட்டார் மாதிரியா?" "கொஞ்சம் பெருசும்மா. மூணு மாடி உசரம் இருக்கும்."

அம்மா கேட்டது சிரிப்பதற்கான கேள்வி அல்ல என்று பிறகுதான் புரிந்தது. பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த எழுத்து வந்தால் அது அப்பா பெயர், ஊர்ப் பெயர் என்று படித்துப் பழகியவர்கள் நாம். அதனாலேயே அதை அர்த்தம் பார்க்காமல் தாண்டிப் போய்விடுகிறோம். உங்கள் நிருபரும் அப்படித்தான் தாண்டியிருக்கிறார். கப்பலுக்கு முன்னால் நிற்கும் எழுத்துகள் உத்தியோகத்தைச் சொல்பவை. காவலரா, தபால்காரரா, எண்ணெய் சுமப்பவரா என்று சொல்பவை.

தரையில் இருக்கும் தளத்துக்கு ஏன் கப்பல் பட்டம் என்று நிருபர் கேட்டால் அது நியாயமான கேள்வி. பிரிட்டிஷ் கடற்படையில் மாலுமி என்றால் ஏதாவது ஒரு கப்பலின் பதிவேட்டில் அவன் பெயர் இருந்தாக வேண்டும். அப்போதுதான் கடற்படைச் சட்டமும் சம்பளமும் அவனுக்குப் பொருந்தும். கரையில் வேலை பார்ப்பவர்களை என்ன செய்வது? கட்டடத்துக்கே கப்பல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். 'கல் கப்பல்' என்றே அதற்கு ஒரு கேலிப் பெயர் உண்டு. அங்கே தரையை டெக் என்பார்கள். வாசல் தாண்டி வெளியே போனால் 'கரைக்குப் போகிறேன்' என்பார்கள். அந்த வழக்கம் நம் கடற்படைக்கும் வந்துவிட்டது. திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மனும் கப்பல் அல்ல. நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அலைவரிசையில் செய்தி அனுப்பும் நிலையம். உங்கள் உதவி ஆசிரியர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: ஐ.என்.எஸ்.க்குப் பின்னால் பறவைப் பெயர் வந்தால் விமானத் தளமா என்று ஒரு தடவை விசாரித்துவிடுங்கள். கொச்சியில் கருடா, கோவாவில் ஹன்சா, அரக்கோணத்தில் ராஜாளி, உச்சிப்புளியில் பருந்து.

இன்னொரு தப்பு அடிக்கடி வருகிறது. கட்டிக்கொண்டிருக்கும் போர்க்கப்பலுக்கே ஐ.என்.எஸ். போட்டுவிடுகிறீர்கள். கடற்படையில் முறைப்படி சேர்க்கும் நாளில்தான் அந்த மூன்றெழுத்து கிடைக்கும். அதற்கு முன்னால் அது கட்டும் தளத்தின் எண்தான். 2023 அக்டோபரில் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டபோதுகூட இம்பால் நாசகாரிக் கப்பலின் பெயர் 'யார்டு 12706 (இம்பால்)'. டிசம்பர் 26ஆம் தேதி சேர்ப்பு விழா நடந்த பிறகே அது ஐ.என்.எஸ். இம்பால். ஓய்வு பெற்றால் பட்டம் இறங்கிவிடும். 2017இல் விடைபெற்ற விராட் 2020இல் உடைக்கப்படுவதற்காக குஜராத்தின் அலங் கரைக்குப் போனபோது அது 'முன்னாள்' ஐ.என்.எஸ்.தான். அதே விராட் 1987இல் நம் கடற்படையில் சேர்வதற்கு முன்னால் எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல். ஒரே இரும்புதான், கொடி மாறியதும் எழுத்தும் மாறியது. நம் போர்க்கப்பல்கள் எல்லாமே 1950 ஜனவரி 26 வரை எச்.எம்.ஐ.எஸ்., அதாவது 'மன்னரின் இந்தியக் கப்பல்'. குடியரசான அன்று மன்னர் எழுத்தில் இருந்தும் இறங்கினார். இலங்கைக் கடற்படைக் கப்பல்கள் 1972இல் குடியரசான பிறகே இப்போதைய எஸ்.எல்.என்.எஸ்.க்கு வந்தன.

மன்னர் போனால் எழுத்து போகும் என்பதற்கு நமக்கு நன்றாகத் தெரிந்த சாட்சி எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய ஜெர்மன் கப்பல். 'சரியான எம்டன்' என்று ஆளைச் சொல்லும் வழக்கே அதில் வந்ததுதானே. அதன் முழுப்பெயர் எஸ்.எம்.எஸ். எம்டன். என் பேரன் இதைக் கேட்டுவிட்டு "எம்டன் மெசேஜ் அனுப்புச்சா தாத்தா?" என்றான். ஜெர்மன் மொழியில் 'மாட்சிமை தங்கியவரின் கப்பல்' என்பதன் மூன்றெழுத்து அது. 1918இல் ஜெர்மன் பேரரசர் கைசர் பதவி இழந்தார். எழுத்துக்கும் வேலை முடிந்தது. அதனால்தான் ஹிட்லர் காலத்துப் போர்க்கப்பல் பிஸ்மார்க்கின் பெயருக்கு முன்னால் ஒன்றும் கிடையாது. பிற்காலத்தில் சிலர் ஆசையாக எதையோ ஒட்ட வைத்திருக்கிறார்கள், அதை நீங்களும் ஒட்ட வேண்டாம்.

அமெரிக்கர்களின் யு.எஸ்.எஸ். ஒரே சீரானதே 1907 ஜனவரியில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஆணை போட்ட பிறகுதான். அங்கே கடற்படைக்குச் சொந்தமாக இருந்தாலும், சேர்ப்பு விழா காணாமல் சிவிலியன் மாலுமிகளை வைத்து ஓடும் சரக்கு, மருத்துவக் கப்பல்களுக்கு யு.எஸ்.என்.எஸ். என்று தனி எழுத்து. நடுவில் இருக்கும் 'என்' அச்சுப் பிழை என்று நினைத்து ஒரு நாளிதழ் அதை நீக்கி வெளியிட்டதைப் பார்த்திருக்கிறேன். உங்களுடையது இல்லை. ஐ.என்.எஸ். நமக்கு மட்டுமே உரியது என்றும் நினைக்க வேண்டாம். இஸ்ரேல் கடற்படைக் கப்பல்களையும் ஆங்கிலத்தில் அதே மூன்றெழுத்தோடு எழுதுவார்கள். செங்கடல் செய்தியை மொழிபெயர்க்கும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நம் கடலோரக் காவல் படைக்கு ஐ.சி.ஜி.எஸ்., அதைக் கடற்படைக் கப்பல் என்று எழுதாதீர்கள்.

வணிகக் கப்பலுக்கு வருகிறேன். இது என் வீட்டுச் சங்கதி.

எஸ்.எஸ். என்றால் நீராவிக் கப்பல். வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசி கப்பல் கம்பெனி வாங்கிய காலியா, லாவோ இரண்டும் எஸ்.எஸ். தான். வ.உ.சி.யின் மூன்றெழுத்துக்கு விரிவு தேடுகிற நாம் அவர் கப்பலின் இரண்டெழுத்தைக் கேட்டதில்லை. 1912இல் டென்மார்க்கின் செலாண்டியா டீசல் எஞ்சினோடு பெருங்கடலில் இறங்கியதில் இருந்து மோட்டார் காலம். எம்.டி. என்றால் மோட்டார் டேங்கர். ஒரு செய்தியில் அது மெட்ரிக் டன் ஆகிவிட்டது. கப்பலின் பெயரே எடைக்கணக்காகிப் போனது. டைட்டானிக்கின் ஆர்.எம்.எஸ். என்பது ராயல் மெயில் தபாலைச் சுமக்கும் கப்பல் என்ற உத்தியோகம். அதில் தபால் அறை ஒன்றும் ஐந்து ஊழியர்களும் இருந்தார்கள். தண்ணீர் ஏறிய பிறகும் பைகளை மேல்தளத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தவர்கள். ஐந்து பேரும் பிழைக்கவில்லை. டைட்டானிக் பற்றி எழுதும்போது அந்த மூன்றெழுத்தை விட்டுவிடாதீர்கள் என்று கேட்பது இதற்காகத்தான்.

இதில் ஒரு வேடிக்கை. எம்.வி. என்று கப்பலின் உடம்பில் பொதுவாக எழுதியிருக்காது. பதிவுச் சான்றிதழிலும் அது பெயரின் பகுதி அல்ல. மோர்ஸில் நான் தட்டியதெல்லாம் கப்பலின் அழைப்புக் குறியை, அதாவது ரேடியோவில் அதற்கென்று தந்த அடையாள எழுத்துகளை. எம்.வி.யை நாம் மரியாதைக்கும் அடையாளத்துக்கும் முன்னால் வைக்கிறோம், அவ்வளவுதான்.

அம்மா தேடிய இனிஷியல் உண்மையில் பெயருக்குள்ளேயே இருக்கிறது. பூம்புகார் கப்பல் கழகம் வைத்திருந்த நிலக்கரிக் கப்பல்கள் தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ். அங்கே 'தமிழ்'தான் குடும்பப் பெயர். சிந்தியா கம்பெனிக்கு 'ஜல'. 1948இல் விசாகப்பட்டினத்தில் நேரு கடலில் இறக்கிய ஜல உஷா அந்தக் குடும்பம். டைட்டானிக், ஒலிம்பிக், பிரிட்டானிக் என்று வால் ஒன்றாக இருந்தால் ஒயிட் ஸ்டார் கம்பெனி. இது தெரியாததால்தான் 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 பற்றிய செய்தியில் எம்.எஸ்.சி.யை எம்.வி. மாதிரி ஒரு பட்டமாக நினைத்து வெட்டி, வெறும் 'எல்சா' என்று சிலர் எழுதினார்கள். அது கம்பெனியின் பெயர், கப்பல் பெயரின் பாதி. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிய கப்பலுக்கு நேர் எதிரான கதி. பக்கவாட்டில் ஆளுயரத்தைவிடப் பெரிதாக 'எவர்கிரீன்' என்று இருந்ததால் பலரும் அதையே கப்பலின் பெயராக எழுதினார்கள். அது கம்பெனி விளம்பரம். முகப்பிலும் பின்புறத்திலும் இருந்த சின்ன எழுத்தைப் பார்த்திருந்தால் 'எவர் கிவன்', அடியில் 'பனாமா' என்று தெரிந்திருக்கும்.

பெயரையும் முழுக்க நம்ப முடியாது. பின்புறத்தில் பெயரின் விளிம்பை வெல்டிங்கில் புடைப்பாக வைத்து உள்ளே வெள்ளை பூசுவார்கள். கப்பல் கைமாறினால் பழையதைத் தேய்த்தெடுக்கச் சோம்பல்பட்டு மேலே கறுப்பைப் பூசி, பக்கத்தில் புதுப்பெயரை எழுதுவதும் உண்டு. சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது பழைய பெயர் எழும்பித் தெரியும். நங்கூரமிட்டுக் கிடந்த ஒரு கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பெயர்களை நான் படித்திருக்கிறேன்.

மாறாதது ஐ.எம்.ஓ., அதாவது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் எண். ஏழு இலக்கம். 1996இல் இருந்து பெரிய வணிகக் கப்பல்களுக்கு அது கட்டாயம். அது சரியான எண்தானா என்று நிருபர் மேசையிலேயே சோதிக்கலாம். எவர் கிவனின் எண் 9811000. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்குங்கள்: 63, 48, 5, 4, 0, 0. கூட்டினால் 120. கடைசி இலக்கம் 0. கப்பல் எண்ணின் ஏழாவது இலக்கமும் 0. பொருந்தவில்லை என்றால் யாரோ எண்ணைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள். பெயரில் குழப்பம் வரும் நாளில் இந்த எண்ணையும் செய்தியில் போட்டுவிடுங்கள், என் மாதிரி ஆட்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வோம்.

'ஐ.என்.எஸ். சென்னை கப்பல்' என்று எழுதினால் இரண்டு முறை கப்பல் வருகிறது, கடைசி எஸ் ஏற்கெனவே கப்பல்தான் என்று சண்டை போடும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அதில் நான் அவர் கட்சி இல்லை. தமிழில் படிக்கிறவருக்குக் கப்பல் என்ற சொல் வேண்டும், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் மேற்கோள் குறி போட்டால் 'சென்னை' என்ற பெயருக்கு மட்டும் போடுங்கள், பட்டத்தை வெளியே விடுங்கள்.

பருந்துச் செய்திக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். 'கப்பலில்' என்ற இடத்தில் 'தளத்தில்' என்று மாற்றினால் போதும். சொல்லுக்குக் காசு வாங்கிய தந்திக் காலத்து ஆள் என்பதால் எண்ணிப் பார்த்தேன். ஐந்தெழுத்துக்கு ஐந்தெழுத்து. பத்தி நீளாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேடியோ அதிகாரி ஒருவர்