முதலில் எதை விடச் சொல்கிறீர்கள்?

போதை மறுவாழ்வு மையங்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களை உங்களிடம் கூட்டிவருவது என் வேலை. உண்மையில், திருப்பிக் கூட்டிப்போவதுதான் அதிகம்.

போன மாதம் ஒருத்தியோடு ஒரு மையத்துக்குப் போனேன். படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் அவள் பேனா நின்றது. பிறகு 'வீட்டு வேலை' என்று எழுதினாள். அறை முழுக்கக் காலி நாற்காலிகள். அவளோ முதுகுக்குச் சுவர் இருக்கிற, வாசல் தெரிகிற ஒன்றைத் தேடி உட்கார்ந்தாள். பின்னால் காலடி கேட்டாலே அவளுக்கு மூச்சு முட்டும். கண்ணை மூடினால் அதே அறை, அதே ஆள். போதை ஊசி போட்டால்தான் அவன் போவானாம். ஆலோசகர் அரைமணி நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "முதல்ல இதை விட்டுட்டு வாம்மா, மனசை அப்புறம் பாக்கலாம்." மனநலப் பிரிவிலும் இதே பதில்தான்.

அவள் எதை வைத்துத் தூங்குகிறாளோ அதைப் பிடுங்கிவிட்டுத் தூங்கச் சொல்கிறீர்கள். போதை இறங்கும் முதல் வாரத்தில்தான் பழசெல்லாம் கிளம்பி வருகிறது. தாங்காமல் ஓடுகிறார்கள். சில வாரம் விட்ட உடம்புக்குப் பழைய அளவே எமனாகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

9 நாடுகளில் பாலியல் தொழிலில் இருந்த 854 பேரிடம் நடத்தி 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 68 சதவீதத்தினரிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இருந்தது. இந்தத் தொழிலைப் பற்றி அந்த ஆய்வாளர்கள் எடுக்கும் முடிவோடு எனக்குச் சண்டை உண்டு. அது வேறு கதை. 2012இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், இந்தக் கோளாறும் போதைப் பழக்கமும் சேர்ந்தே இருந்த 103 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்கு, போதையை விடும்வரை காத்திருக்காமல், அதிர்ச்சிக்கும் போதைக்கும் சேர்த்தே சிகிச்சை கொடுத்தார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிர்ச்சியின் அறிகுறிகள் அதிகம் குறைந்தன. நீங்கள் பயப்படுவதுபோல் போதை கூடவில்லை.

இன்னொன்று, குழு அமர்வு. ஆண்களும் பெண்களும் ஒரே வட்டத்தில். ஒருமுறை எதிரே உட்கார்ந்திருந்தவன் அவளுடைய கஸ்டமர். அவள் வாயே திறக்கவில்லை. 'ஒத்துழைப்பு இல்லை' என்று கோப்பில் எழுதினார்கள். காலை ஒன்பது மணிக்கே வரச் சொல்வதும் அப்படித்தான். விடியற்காலை படுக்கிறவள் எப்படி வருவாள்? சிறுநீர்ச் சோதனையில் ஒருமுறை தவறினால் வெளியே. எந்த நோய்க்கு, அறிகுறி தெரிந்ததும் நோயாளியை அனுப்பிவிடுகிறோம்?

வியாழக்கிழமை மதியம் அவளை மறுபடி கூட்டிவருகிறேன். முந்தின நாள் ஊசி போட்டிருப்பாள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்தச் சுவரோர நாற்காலியை மட்டும் நகர்த்திவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு களப்பணியாளர்