செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: எந்தக் கோயில்?

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மாதக் கூட்டங்கள், மழையால் ஒன்று தள்ளிப்போனது தவிர, காரைக்குடியில் குறையின்றி நடந்தன. நான் விரித்துச் சொல்ல விரும்புவது தை மாதத்து அரியலூர்ப் பயணத்தைத்தான்.

வாரணவாசி அருங்காட்சியகத்தில் அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரியின் புதைபடிவத்தின் முன் எல்லோரும் நெடுநேரம் நின்றுவிட்டோம். சுருண்ட ஓடு, அதன்மேல் கொத்தமல்லி இலையின் ஓரம்போல நெளிந்தோடும் கோடுகள். உள்ளே அறை பிரிக்கும் சுவர்கள் ஓட்டைத் தொடும் இடங்கள் அவை. "நத்தைதானே?" என்றார்கள் பலர். நத்தை, வயிற்றால் ஊரும் வயிற்றுக்காலி வகுப்பு; இது, தலையிலிருந்தே கைகள் கிளைக்கும் தலைக்காலி வகுப்பு. நாம் சந்தையில் வாங்கும் கணவாய்தான் இதற்கு நெருங்கிய சொந்தம். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் மடிந்த அதே பேரழிவில் இந்த வம்சமும் அற்றுப்போனது.

உடன் வந்த ஆச்சி ஒருவர் உடனே சொன்னார்: "முகச்சாயலை வைத்தா பங்காளி என்கிறோம்? எந்தக் கோயில் என்றுதானே கேட்கிறோம்!" வகைப்பாட்டை இதைவிடத் தெளிவாக என்னால் விளக்க முடிந்ததில்லை. நகரத்தார் குலப்பிரிவுகளாகக் கொள்ளும் 9 கோயில்களில் இளையாத்தங்குடிக்குள் மட்டும் 7 பிரிவுகள் இருப்பதுபோல, தொகுதிக்குள் வகுப்பு, வகுப்புக்குள் வரிசை, பிறகு குடும்பம், பேரினம், சிற்றினம்.

சாயல் ஒத்தாலும், பறந்த டெரோசாரும் கடலில் நீந்திய பிளீசியோசாரும் டைனோசர்கள் அல்ல. நம் முற்றத்தில் சோற்றுக்கு இறங்கும் காகமோ டைனோசர் வழி வந்தது. நமது துண்டறிக்கையில் டெரோசார் படத்தின் கீழ் 'பறக்கும் டைனோசர்' என்று அச்சாகிவிட்டது. மெய்ப்புப் பார்த்தவன் நான், வருந்துகிறேன். படி வைத்திருப்போர் கொண்டுவந்தால் திருத்தச் சீட்டு ஒட்டித் தருகிறோம்.

அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த டைனோசர் எலும்புகளுக்கு ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1987-இல் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டுமே சுமார் 2 மீட்டர். முதலில் ஊனுண்ணிகளோடு வைக்கப்பட்டது. பின்னர் நீள்கழுத்துத் தாவர உண்ணிகளான டைட்டனோசார்களோடு சேர்க்கப்பட்டது. எலும்பை எடுத்துவைத்துச் சரிபார்க்க இன்று வழியில்லை. பொடிந்து போய்விட்டது, படங்களே மிச்சம். திரும்பும் வழியெங்கும் பஸ்ஸில் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

ஆகவே வரும் ஆண்டில் ஒரு பதிவேடு தொடங்குகிறோம். பயணத்தில் எங்கே புதைபடிவம் கண்டாலும் பெயர்த்தெடுக்கக் கூடாது. அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்து, இடமும் தேதியும் அன்றே எழுத வேண்டும். இதற்கு ஒரு கேமரா வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்