தம்பிக்கு, நம் குடும்பத்தின் மூன்று நோய்ப் பெயர்களைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

மாமாவுக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), என் அம்மாவுக்கு இருமுனைக் கோளாறு (பைபோலார்), இப்போது என் சித்தி மகனான உனக்கு மனச்சோர்வு நோய். ஒரே தாத்தா பாட்டியின் வழியில் வந்தவர்களுக்கு எப்படி மூன்று வெவ்வேறு நோய்கள் வந்தன, அல்லது மூன்றும் உண்மையில் ஒன்றுதானா என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது: இன்று மனச்சோர்வு என்று சொல்லப்படுவது நாளை மாமாவுக்கு நேர்ந்ததைப் போல ஆகிவிடுமா? கல்லூரியில் மரபியல் கற்பிப்பவள் என்பதால் என்னிடம் கேட்டாய். நான் மனநல மருத்துவர் இல்லை. எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து மட்டுமே பதில் சொல்ல முடியும். இதே கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு வாய்திறக்காத குடும்பங்கள் பல இருப்பதால் இதைப் பொதுவில் எழுதலாமா என்று கேட்டபோது நீயும் அம்மாவும் இசைந்தீர்கள். மாமா இருந்திருந்தால் அவரிடமும் கேட்டிருப்பேன்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்; உன்னைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான். மனச்சோர்வு முற்றி இருமுனைக் கோளாறாகும், அதுவும் முற்றி மனச்சிதைவாகும் என்று ஒரு வரிசை கிடையாது. மனச்சிதைவு, தோராயமாகச் சொன்னால், நூறு பேரில் ஒருவருக்கு வருவது. பெற்றோரில் ஒருவருக்கு அந்நோய் இருந்தால் பிள்ளைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வரக்கூடும் என்று பழைய குடும்ப ஆய்வுகள் கணக்கிட்டன. அதாவது அந்த நிலையிலும் பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. மாமா உன் தாயின் உடன்பிறந்தவர், உனக்கும் அவருக்கும் பொதுவான மரபணுப் பங்கு சராசரியாகக் கால் பங்குதான் என்பதால் அந்தக் கணக்கு உனக்கு இன்னும் கீழே இறங்குகிறது. ஆண்களிடம் அந்நோய் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுவது. நாற்பதை நெருங்கும் நீ அந்தக் காலத்தைத் தாண்டியும் வந்துவிட்டாய்.

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல, இந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சர்க்கரை நோயை இரத்தப் பரிசோதனையிலும் காசநோயைக் கிருமியைக் கண்டும் உறுதிசெய்துகொள்ளலாம். மனச்சிதைவுக்கோ இருமுனைக் கோளாறுக்கோ அப்படியொரு பரிசோதனை இன்றுவரை இல்லை. நோயாளி சொல்வதையும், நடந்துகொள்வதையும், நோய் ஆண்டுக்கணக்கில் போகும் போக்கையும் வைத்தே பெயர் இடப்படுகிறது. ஜெர்மானிய மருத்துவரான எமில் கிரேபலின் 1899-இல் வெளியிட்ட தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில், படிப்படியாகச் சிந்தனையைக் குலைத்துக்கொண்டே போகும் நோய் ஒன்று, வந்து வந்து போகும் உணர்ச்சி ஏற்ற இறக்க நோய் இன்னொன்று என்று கோடு கிழித்தார். முதலாவதிலிருந்து மனச்சிதைவும், இரண்டாவதிலிருந்து இருமுனைக் கோளாறும் பிற்காலத்தில் உருவெடுத்தன. இந்த இரண்டையும் தெளிவாகப் பிரிக்க முடியாத நோயாளிகள் பலர் உண்டு என்று 1920-இல் அவரே எழுதினார் என்பது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. பின்னாளில், குறிப்பாக 1980-இல் வந்த அமெரிக்க நோயறி கையேட்டின் மூன்றாம் பதிப்புக்குப் பிறகு, எந்தெந்த அறிகுறிகள் எத்தனை நாள் இருந்தால் எந்தப் பெயர் என்ற பட்டியல்கள் நிலைபெற்றன. அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டு மருத்துவர்கள் ஒரே நோயாளியைப் பார்த்து ஒரே பெயரைச் சொல்வதற்கு அவை பெரிதும் உதவின. ஆனால் இருவர் ஒரே பெயரைச் சொல்கிறார்கள் என்பதாலேயே அந்தப் பெயருக்குப் பின்னால் தனியான காரணம் ஒன்று இருந்தாக வேண்டும் என்பதில்லை.

அதைக் காட்ட நான் வகுப்பில் எப்போதும் எடுத்துக்கொள்வது ஸ்காட்லாந்துக் குடும்பம் ஒன்றின் கதை. அக்குடும்பத்தில், மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களில் ஒன்றாம் குரோமோசோமின் ஒரு துண்டும் பதினொன்றாம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறியிருந்தன. 1970 வாக்கில் ஒரு சிறுவனிடம் முதலில் கண்டறியப்பட்ட இந்த மாற்றம் தலைமுறைகளாக அக்குடும்பத்தில் இறங்கி வந்திருந்தது. ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் குடும்பத்தாரைத் தொடர்ந்து கவனித்து 2001-இல் எழுதிய அறிக்கையில், மாற்றத்தைச் சுமந்த 29 பேரில் 7 பேருக்கு மனச்சிதைவு, ஒருவருக்கு இருமுனைக் கோளாறு, 10 பேருக்கு மீண்டும் மீண்டும் வரும் கடும் மனச்சோர்வு என்று பதிவு செய்தார்கள். எஞ்சியவர்களில் பெரிய நோய் எதுவும் இல்லாதவர்களும் இருந்தார்கள். ஒரே மாற்றம், ஒரே குடும்பம், ஆனால் நம் வீட்டில் இருக்கும் அதே மூன்று பெயர்கள். நம்மிடமும் அப்படியொரு குரோமோசோம் மாற்றம் இருக்கும் என்று நினைத்துவிடாதே. அது மிக அரிதானது, அங்கே முறிந்திருந்த மரபணு பொதுமக்களிடையே இந்நோய்களுக்குப் பெரிய காரணமாக இருப்பதற்கான சான்றும் பின்னால் வலுப்படவில்லை. கோளாறு மரபில் இறங்கும்போது கையேட்டின் பெயர்ப் பிரிவுகளுக்குக் கட்டுப்பட்டு இறங்குவதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஒரு குடும்பத்தில் கண்டது பெருந்திரளிலும் உண்மையா என்பதை 2009-இல் ஸ்வீடனிலிருந்து வந்த ஆய்வு சோதித்தது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் மருத்துவமனைப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மனச்சிதைவு உள்ளவரின் நெருங்கிய உறவினருக்கு இருமுனைக் கோளாறு வரும் வாய்ப்பும், இருமுனைக் கோளாறு உள்ளவரின் உறவினருக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பும் கூடியிருந்தன. வேறு வீட்டுக்குத் தத்துப் போன பிள்ளைகளிடமும் அந்தப் போக்கு தெரிந்தது என்பதுதான் இதில் முக்கியம். வளர்ப்பின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட அது இடம் தரவில்லை.

அதன் பிறகு ஆய்வு உறவினர்களை விட்டு, ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கானோரின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிடுவதற்கு நகர்ந்தது. நம் எல்லோரிடமும் டிஎன்ஏ-வின் சில எழுத்துகள் மாறியிருக்கும் இடங்கள் லட்சக்கணக்கில் உள்ளன. ஒரு நோயின் வாய்ப்பைச் சற்றே கூட்டும் மாறுபாடுகள் இன்னொரு நோயின் வாய்ப்பையும் எந்த அளவுக்குக் கூட்டுகின்றன என்பதை ஓர் எண்ணாகச் சொல்ல முடியும்: தொடர்பே இல்லையென்றால் 0, முழுக்க ஒன்றேயென்றால் 1. 2013-இல் வெளியான கணக்கில் மனச்சிதைவுக்கும் இருமுனைக் கோளாறுக்கும் இடையே அது 0.68, இருமுனைக் கோளாறுக்கும் மனச்சோர்வுக்கும் 0.47, மனச்சிதைவுக்கும் மனச்சோர்வுக்கும் 0.43. உன் முதல் கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் என்னிடம் இல்லை. மூன்றும் ஒன்றில்லை, முற்றிலும் வேறுவேறும் இல்லை.

2018-இல் மூளை தொடர்பான 25 நோய்களை ஒன்றாக வைத்து ஒப்பிட்டபோது, பார்க்கின்சன், அல்சைமர் போன்ற நரம்பியல் நோய்கள் பெரும்பாலும் தனித்தனியாக நிற்க, மனநோய்கள் மட்டும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்து கிடந்தன. அடுத்த ஆண்டு எட்டு மனநல நோய்களை ஆராய்ந்தவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட நோய்களோடு தொடர்புள்ள 109 இடங்களை மரபணுத்தொகுதியில் கண்டார்கள். அவற்றிலுள்ள மரபணுக்கள் கரு தாயின் வயிற்றில் இருக்கும் நடுமாதங்களிலேயே மூளையில் சுறுசுறுப்பாக வேலை தொடங்கிவிடுகின்றன. நரம்பிழைகள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு வழிகாட்டும் மரபணு ஒன்று எட்டு நோய்களோடும் தொடர்புடையதாக இருந்தது. மூளை தன்னைக் கட்டிக்கொள்ளும் அடிப்படை வேலையில் நேரும் சிறு வேறுபாடுகள், பிறகு எந்தத் திசையில் போகும் என்று முன்கூட்டியே முடிவாகிவிடுவதில்லை என்று இதைப் புரிந்துகொள்கிறேன்.

கடைசியாக, 2025 டிசம்பரில் நேச்சர் இதழில் வந்த ஆய்வு 14 நோய்களையும், பாதிக்கப்பட்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரையும் எடுத்துக்கொண்டு, மரபுப் பங்கின் அடிப்படையில் ஐந்து தொகுதிகளாகப் பிரித்தது. மனச்சிதைவும் இருமுனைக் கோளாறும் ஒரு தொகுதி. மனச்சோர்வும் பதற்ற நோயும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன பாதிப்பும் இன்னொன்று. ஆட்டிசமும் கவனக்குறைவு மிகைஇயக்கக் குறைபாடும் மூன்றாவது. மற்ற இரண்டில் ஒன்று எண்ணச் சுழற்சி நோயை (ஓசிடி) போன்றவை, மற்றது போதைப் பழக்கம். மருத்துவர்களுக்கு இது பெரிய வியப்பாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்தையே பதற்றத்துக்கும், மனச்சிதைவுக்குக் கொடுக்கும் மருந்தையே இருமுனைக் கோளாற்றில் உற்சாகமும் வேகமும் மிதமிஞ்சும் எழுச்சி நிலைக்கும் அவர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவருகிறார்கள். மருந்துகள் பெயர்ப் பிரிவுகளை மதித்ததே இல்லை.

இந்த எண்களை அப்படியே விழுங்கவும் கூடாது. தரவுகளில் மிகப் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினருடையது; அவற்றிலிருந்து செய்யும் கணிப்புகள் மற்ற மக்களிடம் குறைவாகவே பொருந்துகின்றன. ஒரு மனநோய் உள்ளவரும் வேறொரு மனநோய் உள்ளவரும் இணைந்து வாழ்வது தற்செயலில் நடக்கக்கூடியதைவிட அதிகம். அந்த இணைவே தலைமுறைகளின் போக்கில் இரண்டு நோய்களின் மரபுத் தொடர்பை இருப்பதைவிடப் பெரிதாகக் காட்டக்கூடும் என்று 2022-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு எச்சரித்தது. நோய்க்குத் தவறான பெயர் இடப்பட்டவர்களும் கணக்கைக் கலக்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே கருமுட்டையில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால், மற்றவருக்கும் அது வருவது ஏறத்தாழ பாதிப் பேரிடம், பல ஆய்வுகளில் அதற்கும் குறைவு. மரபணு முழுதும் ஒன்றாக இருந்தும் இவ்வளவுதான். ஆகவே எச்சிலைக் குப்பியில் வாங்கி உன் மனநோய் வாய்ப்பைச் சொல்கிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால் பணத்தை வீணாக்காதே.

மாமாவைப் பற்றிப் பேச்செடுத்தால் வீட்டில் குரல் தாழ்ந்துவிடும் என்பது உனக்குத் தெரியும். "அந்த இரத்தம்" என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு வரலாறு இருக்கிறது. மனச்சிதைவின் மரபை முதன்முதலில் முறையாக எண்ணிப் பார்த்தவர்களில் ஒருவரான எர்ன்ஸ்ட் ரூடின், ஜெர்மனியில் 1933-இல் நாஜிகள் கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்கு விளக்கவுரை எழுதியவர்களில் ஒருவர். அந்தச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ நான்கு லட்சம் பேருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. சில ஆண்டுகளில் மனநோயாளிகள் கொல்லவும்பட்டார்கள். கெட்ட மரபு சில குடும்பங்களில் மட்டும் இருக்கிறது, அதைக் களைந்துவிடலாம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. 2022-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று மனச்சிதைவோடு தொடர்புள்ள இடங்களாக 287-ஐக் காட்டியது; தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது, அந்த மாறுபாடுகளில் பெரும்பாலானவை ஊர் முழுக்கப் பரவிக் கிடப்பவை. களைந்து எடுக்க அப்படிப்பட்ட தனிக் குடும்பங்களே இல்லை. அதே நேரத்தில், "எல்லாம் மரபணுதான்" என்று விளக்கினால் நோயாளியைக் குற்றம் சொல்வது குறைந்தாலும், குணமாகாது என்ற எண்ணமும் விலகி நிற்கும் விருப்பமும் கூடிவிடுகின்றன என்று சமூக உளவியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உறவினர்களிடம் எதைச் சொல்வது என்று நீ யோசிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்.

கனடாவின் வான்கூவரில் 2012-இல் மனநல மரபணு ஆலோசனைக்கென்றே ஒரு மையத்தைத் தொடங்கிய ஜெஹானின் ஆஸ்டின் இதைக் குடும்பங்களுக்கு ஒரு ஜாடியை வைத்து விளக்குகிறார். பிறக்கும்போதே ஒவ்வொருவரின் ஜாடியிலும் கொஞ்சம் மரபுப் பங்கு இருக்கும், அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அதன் மேல் வாழ்க்கையின் இழப்பும் அதிர்ச்சியும் போதையும் வந்து விழும். ஜாடி நிறைந்தால் நோய். ஆனால் உறக்கம், உடற்பயிற்சி, துணை நிற்கும் மனிதர்கள் ஆகியவை ஜாடியின் வாயை உயர்த்திக் கட்டுகின்றன. உன் ஜாடியின் அடியில் கிடப்பதை நீயோ சித்தியோ போடவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, உன் சிகிச்சைக்கு நேராகப் பயன்படும் செய்தி ஒன்று இருக்கிறது. குடும்ப வரலாற்றைக் கேட்டபோது "யாருக்கும் மனச்சோர்வு இல்லை" என்று மருத்துவரிடம் சொன்னதாக எழுதியிருந்தாய். பெயரளவில் அது சரி. ஆனால் மரபு பெயரைப் பார்த்து இறங்குவதில்லை என்பதால், அவருக்குத் தேவைப்படுவது மாமாவின் கதையும் அம்மாவின் கதையும்தான். அம்மாவுக்கும் தொடக்கத்தில் சொல்லப்பட்டது மனச்சோர்வு என்றுதான். சில ஆண்டுகள் கழித்து, இரவில் பீரோவிலிருந்த துணிகளையெல்லாம் இறக்கி மடித்து அடுக்கி, விடிவதற்குள் மறுபடி இறக்கி மடிப்பார். உறக்கம் இரண்டு மணி நேரம், களைப்பின் சுவடே இருக்காது, பேச்சு வாக்கியத்துக்கு வாக்கியம் தாவும். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவர் தேறிவிட்டதாகவே தெரிந்தது. இருமுனைக் கோளாறு மனச்சோர்வின் முகத்தோடு முதலில் வருவது அரிதில்லை. அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் எழுச்சி நிலை தூண்டப்படலாம். அதனால்தான் குடும்பத்தில் இருமுனைக் கோளாறு உண்டு என்று தெரிந்தால் மருத்துவர் மருந்தைத் தேர்வதிலும் உன்னைக் கண்காணிப்பதிலும் கூடுதல் கவனம் எடுத்துக்கொள்வார். இதைப் படித்துவிட்டு நீயாக மாத்திரையை நிறுத்திவிடாதே; அடுத்த சந்திப்பு தள்ளியிருந்தால் தொலைபேசியிலாவது அவரிடம் சொல். உறக்கம் குறைந்தும் களைப்பில்லாமல் இருக்கும் நாள்கள் வந்தால் அவற்றைக் குறித்து வை, வீட்டிலும் ஒருவரைக் கவனிக்கச் சொல்.

அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டு, எந்த வயதில் எது தொடங்கியது, எந்த மருந்து ஒத்துவந்தது, எது ஒத்துவரவில்லை என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதியிருக்கிறேன். லித்தியம் என்ற மருந்து அவருக்கு நன்றாக வேலை செய்தது. அந்தப் பலன் குடும்பங்களில் தொடர்வதற்குச் சான்றுகள் இருப்பதால் அதைத் தனியாகக் கோடிட்டிருக்கிறேன். மாமாவைப் பற்றிச் சித்திக்கு நினைவிருப்பதையும் நீயே கேட்டு அதில் சேர்த்துக்கொள். தாளை உனக்குத் தனியே அனுப்புகிறேன். மருத்துவரிடம் கொடுத்துவிட்டு அவர் சொன்னதை எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா